தீக்களத்தில் தீயணைக்காத ஓர் அலுவலர்: வாசகர் கேள்வி – பதில்

தீயணைப்பு வீரர்களின் பாதுகாப்பைப் பற்றி வந்திருந்த கடிதங்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: 2020ஆம் ஆண்டு தீபாவளி நாளன்று எங்கள் ஊரில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் இருவர், பழைய கட்டடம் இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார்கள். சில நாடுகளில் வீரர்களைக் கவனிப்பதற்கென்றே 'பாதுகாப்பு அலுவலர்' ஒருவர் களத்தில் தனியாக நிற்பார் என்று அண்மையில் படித்தேன். தலைமை அலுவலர் அங்கேயே இருக்கும்போது இன்னொருவர் எதற்கு?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மதுரையில் அன்று என்ன செய்திருக்கலாம், என்ன செய்திருக்கக் கூடாது என்று எழுதுமேசையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் உங்கள் பொதுவான கேள்விக்குப் பதில் உண்டு. பெரிய தீ ஒன்றின்போது தலைமை அலுவலரின் மனம் எங்கெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள்: அடுத்த தண்ணீர் லாரி எப்போது வரும், மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்துவிட்டார்களா, பக்கத்துக் கடைக்குத் தீ தாவுமா, மாடியில் ஆள் இருப்பதாக ஒருவரும் இல்லை என்று இன்னொருவரும் சொன்னால் யார் பேச்சை நம்புவது, போதாக்குறைக்கு 'சரக்கெல்லாம் உள்ளே இருக்கிறது சார்' என்று கையைப் பிடித்துக்கொள்ளும் கடைக்காரருக்கு என்ன சொல்வது. அவருடைய கண் தீயின் மேல் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்த நேரத்தில் பின்பக்கச் சுவரில் ஒரு விரிசல் அகலமாகிக்கொண்டிருந்தால் அதைப் பார்ப்பவர் யார்?

பாதுகாப்பு அலுவலர் குழாயைப் பிடிப்பதில்லை, தண்ணீரை எங்கே அடிப்பது என்று உத்தரவிடுவதில்லை, யாரையும் தூக்கிக்கொண்டு வருவதுமில்லை. தூர் வாரக் கிணற்றுக்குள் இறங்கியவனுக்காக மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் போன்ற வேலை அது. அவனும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டால் கயிறு யார் கையிலும் இராது. வேறு வேலை எதுவும் இல்லாமல் இருப்பதுதான் அவருடைய வேலைக்கு அடிப்படை என்பதைப் பல துறைகள் இன்னும் ஏற்கத் தயங்குகின்றன. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஒருவர் சும்மா நிற்பதுபோல் தெரிவது யாருக்கும் உறுத்தத்தான் செய்யும்.

இந்த ஏற்பாட்டின் வேர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அங்கே பதின்மூன்று நாள் எரிந்த காட்டுத்தீக்களில் 16 பேர் இறந்தார்கள், சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. பல துறைகள் ஒரே களத்தில் ஆளுக்கொரு தலைமையின் கீழ் இயங்கிய குழப்பத்தைத் தீர்ப்பதற்காகப் பின்னர் வகுக்கப்பட்ட தலைமை முறையில், தலைமை அலுவலருக்கு நேர் பக்கத்தில் வைக்கப்பட்ட பொறுப்புகளில் ஒன்றுதான் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு. இந்தியாவும் இதை அறியாமல் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளில் இதே பொறுப்பு இடம்பெற்றிருக்கிறது. ஏட்டில் இருப்பது ஒவ்வொரு தீக்களத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

'தலைமை அலுவலரே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற வாதத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 2015 மே 9ஆம் தேதி மும்பையின் கால்பாதேவியில் 'கோகுல் நிவாஸ்' என்ற பழைய கட்டடம் எரிந்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. அதில் அங்கேயும் பின்னர் மருத்துவமனையிலுமாக உயிரிழந்த நால்வரும் மாநகரத் தீயணைப்புப் படையின் அதிகாரிகள். படையின் தலைவரும் அவர்களில் ஒருவர். முன்னால் நின்று வழிநடத்துபவரையும் கவனிக்க ஒருவர் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

கேள்வி: அப்படி நிற்பவர் குறிப்பாக எதைத்தான் பார்க்கிறார்? தலைக்கவசம் போட்டிருக்கிறார்களா என்று சரிபார்ப்பதா?
– கல்லூரி மாணவர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: தலைக்கவசத்தின் வாரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பாதுகாப்பு அலுவலர் என்று சொல்ல முடியாது. அவர் முதலில் செய்வது, முடிந்தவரை கட்டடத்தை நான்கு பக்கமும் சுற்றி வருவதாகும். முகப்பில் இரண்டு மாடியாகத் தெரியும் கட்டடம் பின்பக்கம் சரிவில் மூன்று மாடியாக இருக்கலாம்; முன்னால் வெள்ளையாகத் தெரியும் புகை பின்னால் கரியாகக் குமுறிக்கொண்டிருக்கலாம்.

நம் ஊர்க் கடைவீதிகளையே எடுத்துக்கொள்வோம். பழைய கட்டடங்கள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும்: மர உத்தரங்களும் குறுக்குக் கட்டைகளும், அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். உத்தரத்தின் நுனி சுவருக்குள் பதிந்திருப்பதால் அது உள்ளே எவ்வளவு கருகியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதே கட்டடத்துக்குள் நாம் தண்ணீரைக் கொட்டுகிறோம். ஒரு குழாய் நிமிடத்துக்கு 500 லிட்டர் பீய்ச்சுவதாகக் கொண்டால் நிமிடத்துக்கு அரை டன். மூன்று குழாய்கள் இருபது நிமிடம் ஓடினால் 30 டன். வழிந்து வெளியேறியது போக மீதியைத் துணிமூட்டைகள் குடித்துக்கொண்டு மேல்தளத்திலேயே உட்கார்ந்திருக்கும். தீ அடங்கிவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விடும் நேரத்தில் தளம் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சுவர் வெளியே பிதுங்குகிறதா, செங்கல் இடுக்கிலிருந்து புகையோ தண்ணீரோ கசிகிறதா, சற்றுமுன் மூடிய கதவு இப்போது சட்டத்தில் சிக்குகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சந்தேகம் வந்தால், சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு உள்ளே எவரும் நிற்கக் கூடாது என்று எல்லை போடுகிறார். குறுகலான சந்தில் அந்த எல்லைக்கு இடமே இல்லையென்றால், அந்தச் சந்தில் ஆள் நிற்கக் கூடாது என்றுதான் பொருள்.

அடுத்தது புகை. அதன் நிறத்தை எல்லோரும் பார்ப்பார்கள். வேகத்தையும் அடர்த்தியையும் பார்ப்பது பயிற்சியால் வருவது. ஜன்னல் வழியே கொந்தளித்துப் பாய்ந்து வரும் அடர்ந்த கரும்புகை, எரியக் காத்திருக்கும் எரிபொருள் என்றே கொள்ள வேண்டும். கூரையடியில் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அறையிலுள்ள எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அந்த நொடியில் உள்ளே இருப்பவரை எந்தக் கவச உடையும் நெடுநேரம் காக்காது.

மூன்றாவது, உள்ளே போனவர்களின் கணக்கும் அவர்களுடைய காற்றின் கணக்கும். 1958 ஜனவரியில் லண்டனின் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையில், புதிர்ப்பாதை போன்ற நிலத்தடிக் கிடங்குகளில் வழி தவறிய தீயணைப்பு வீரர்கள் இருவர் காற்றுத் தீர்ந்து இறந்தார்கள். சுவாசக் கருவி அணிந்து உள்ளே செல்பவர் தம் பெயர் எழுதிய வில்லையை வாசலில் கொடுத்துவிட்டுச் செல்வதும், அதை ஒரு பலகையில் செருகி, நுழைந்த நேரத்தையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் ஒருவர் குறித்துக்கொள்வதும் அதன் பிறகுதான் அங்கே உறுதியான நடைமுறையாயின. முழுமையாக நிரப்பிய சிலிண்டரில் பொதுவாக 300 பார் அழுத்தம் இருக்கும். அது சுமார் 55 பாருக்கு இறங்கும்போது எச்சரிக்கை விசில் ஊதும். நடைமுறையில் பலர் விசில் ஊதியபின்தான் திரும்ப நினைக்கிறார்கள். ஆனால் அந்த விசில் ஊதும்போது வீரர் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு உரியது என்று சொல்லப்படும் சிலிண்டர், படியேறி ஆளைத் தூக்கும் உழைப்பில் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடலாம். எனவே பலகைக்காரரின் கடிகாரமும் வீரரின் அழுத்தமானியும் ஒத்துப்போகின்றனவா என்று வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே இருப்பதைப் பாதுகாப்பு அலுவலர் உறுதிசெய்கிறார்.

தொங்கும் மின்கம்பி, சூடேறும் காஸ் சிலிண்டர், தகரக் கூரைமேல் ஏறியிருக்கும் ஆள் என்று பட்டியலை நீட்டலாம், இடம் போதாது.

கேள்வி: தலைமை அலுவலர் 'போ' என்கிறார், பாதுகாப்பு அலுவலர் 'போகாதே' என்கிறார் என்றால் யார் சொல் செல்லும்? எதற்கெடுத்தாலும் தடுத்துக்கொண்டிருந்தால் வீரம் என்ன ஆவது?
– ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர், வேலூர்

பதில்: முதல் பாதிக்கு விடை தெளிவானது. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தரநெறிகள், உயிருக்கு உடனடி ஆபத்து என்று கண்டால் எந்தப் பணியையும் மாற்றவோ, நிறுத்தி வைக்கவோ, முற்றாக முடித்துவிடவோ பாதுகாப்பு அலுவலருக்கு அதிகாரம் அளிக்கின்றன. நிறுத்திய உடனே தலைமை அலுவலருக்குக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். ஆபத்து உடனடியானது அல்ல என்றால், அவர் தம் கருத்தைத் தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டுமே தவிர, வீரர்களுக்கு நேரே உத்தரவிடக் கூடாது. இந்த இரண்டாவது பகுதியை மறந்துவிட்டால் களத்தில் இரண்டு தலைமைகள் உருவாகிவிடும். அது பாதுகாப்பு அலுவலரே இல்லாததைவிட மோசமானது.

இரண்டாம் பாதிக்கு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறை பின்பற்றிவந்த ஒரு விதியை எடுத்துச் சொல்லலாம். காப்பாற்றக்கூடிய உயிருக்காக, கணக்குப் பார்த்து, பெரிய ஆபத்தை ஏற்கலாம். காப்பாற்றக்கூடிய பொருளுக்காகச் சிறிய ஆபத்தை ஏற்கலாம். ஏற்கெனவே இழந்துவிட்ட உயிருக்காகவோ பொருளுக்காகவோ எந்த ஆபத்தையும் ஏற்கக் கூடாது. இதில் வீரத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. எரிந்து முடியப்போகும் கிடங்குக்குள் ஆளை அனுப்புவதைத்தான் இது வீரம் என்று ஏற்பதில்லை.

அனுபவமுள்ளவர்களுக்குக்கூடத் தடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1999 டிசம்பர் 3ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில், பயன்பாட்டில் இல்லாத குளிர்பதனக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. வீடற்ற இருவர் அங்கே தங்கியிருந்ததால் அவர்களைத் தேடி வீரர்கள் நுழைந்தார்கள். ஜன்னல்கள் அநேகமாக இல்லாத, சுவரெங்கும் தக்கையும் நுரைப்பஞ்சும் பதித்த அந்தக் கட்டடத்தில் இரண்டு வீரர்கள் வழி தவறினார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களில் நால்வர் திரும்பவில்லை. மேலும் பலர் உள்ளே பாயத் துடித்தபோது, அங்கே பொறுப்பிலிருந்த மைக் மெக்னமீ என்ற அதிகாரி வாசலை மறித்து நின்று, ஆறு பேர் போய்விட்டார்கள், இனி ஒருவரையும் விடமாட்டேன் என்று தடுத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் அவருடைய ஆட்கள். வெளியே அவரிடம் மன்றாடியவர்களும் அவருடைய ஆட்கள். அன்று அவர் அப்படி நிற்காமல் இருந்திருந்தால் எண்ணிக்கை ஆறோடு நின்றிருக்காது என்பதே பிற்பாடு பலரும் சொன்னது. அவர் பாதுகாப்பு அலுவலர் அல்லர். ஆனால் அந்தப் பொறுப்பின் சாரம் அந்த வாசலில்தான் இருக்கிறது.

எட்டாண்டுகள் கழித்து, 2007 ஜூன் 18 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சோபாக் கடைத் தீ ஒன்று ஒன்பது வீரர்களைக் கொன்றது. நுரைப்பஞ்சு மெத்தைகள், எஃகுச் சட்டங்கள் தாங்கிய கூரை, தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லாமை, தண்ணீர்ப் பற்றாக்குறை என்று காரணங்கள் பல. அதை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அளித்த பரிந்துரைகளில் ஒன்று, கட்டடத் தீ ஒவ்வொன்றிலும் தலைமை அலுவலரைச் சாராத தனிப் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது.

நம் நாட்டில் ஏப்ரல் 14ஆம் தேதியைத் தீயணைப்புப் பணியாளர் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளையும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வெடிபொருள்களையும் சேர்த்து ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டைக்கின் என்ற கப்பல் வெடித்து, 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். பிற்பகல் சுமார் இரண்டு மணிக்குத் தெரிந்த தீ, நான்கு மணிக்குச் சற்றுப் பின் வெடிப்பாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய வீரத்தில் எள்ளளவும் குறை இல்லை. 'கப்பலில் இருப்பது என்ன, இனி எத்தனை நேரம் இங்கே நிற்கலாம்' என்று கேட்பதையே தம் ஒரே வேலையாகக் கொண்ட ஒருவர்தான் அந்தத் துறைமுகத்தில் இல்லை.

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலர். எங்கள் ஆலையில் தீ விபத்து நேர்ந்தால் நானே அந்தப் பொறுப்பை வகிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவு வகுத்த பதவி தொழிலாளர்களின் அன்றாடப் பாதுகாப்புக்கானது. தீக்களத்தில் வீரர்களை நிறுத்தும் அதிகாரம் அதில் இல்லை, அதற்கான பயிற்சியும் வேறு. ஆனால் அவர்களுக்கு உங்களைவிடப் பயன்படக்கூடியவர் யாரும் இல்லை. எந்த அறையில் எந்த இரசாயனம், எத்தனை கிலோ, எதன் மேல் தண்ணீர் படக் கூடாது என்பதை ஒரே தாளில் எழுதி வாயிற்காவலரிடம் எப்போதும் வைத்திருங்கள். அலுமினியத் தூள் வைத்திருக்கும் இடத்தில் தண்ணீர் அடித்தால் என்ன ஆகும் என்பதை முதல் வண்டி வந்து நின்றதுமே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: என் கணவர் தீயணைப்பு நிலையத்தில் பணிபுரிகிறார். தீ அணைந்தபின் வீட்டுக்கு வரும்போது உடையெல்லாம் புகை நாற்றம்; இரவு முழுவதும் இருமல். களத்திலிருந்து கிளம்பியதும் இந்த அலுவலரின் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியக் கூடாது, அம்மா. அதனால்தான் அமெரிக்கத் துறைகளில் களத்துக்கு ஒருவரும், ஆண்டு முழுவதும் உடல்நலத்தைக் கவனிக்கத் துறை அளவில் இன்னொருவருமாக இரண்டு பொறுப்புகள் வைத்திருக்கிறார்கள். சரிந்து விழும் சுவரைவிடச் சத்தமில்லாமல் கொல்பவை இரண்டு. ஒன்று இதயம்: 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, தீயணைப்பு வீரர்களின் பணி நேரத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படாத நேரமே தீயோடு போராடுவதில் கழிகிறது, ஆனால் பணியின்போது நேர்ந்த இதயநோய் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நேரத்தில்தான் நிகழ்ந்திருக்கிறது. மற்றொன்று புற்றுநோய்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று 2022இல் வகைப்படுத்தியது.

தீ அணைந்தபின் கிளறிவிட்டுத் தணல் தேடும் நேரம்தான் மிகவும் ஏமாற்றுவது. புகை மெல்லியதாகத் தெரிவதால் முகமூடியைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அளவு கருவி சரி என்று காட்டும்வரை முகமூடியைக் கழற்றவிடாமல் பார்ப்பது பாதுகாப்பு அலுவலரின் கடமை. இரண்டு சிலிண்டர் தீர்ந்தவரைக் குறைந்தது இருபது நிமிடம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நாடியைப் பார்க்காமல் மறுபடி அனுப்பக் கூடாது என்பதும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டியதே. சித்திரை வெயிலில் முழுக் கவச உடையோடு வேலை செய்பவருக்கு அந்த இருபது நிமிடம்கூடப் போதாது என்பது என் கருத்து.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: களத்தில் அணிந்த உடையை நிலையத்திலேயே அலசச் சொல்லுங்கள், முடியாதபோது பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். கிளம்பும் முன்பே கழுத்தையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இருமல் இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லையென்றால், அல்லது தலைவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்துகொண்டால், அவர் 'பழகிப்போச்சு' என்று சொன்னாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நிலையத்தில் ஒரு வண்டி, ஒரு முறைக்கு ஐந்தாறு பேர்தான். தனியாக ஒருவரைப் பாதுகாப்புக்கு நிறுத்த எங்கே போவது?
– பணியில் இருக்கும் வீரர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நியாயமான கேள்வி. ஓட்டுநர் பம்பைவிட்டு நகர முடியாது, இருவர் குழாயில், இருவர் தேடலில் என்றால் மிச்சம் யாருமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பொறுப்பு தலைமை அலுவலரின் தலையிலேயே இருக்கிறது. அவர் வேறொருவரிடம் ஒப்படைக்கும்வரை அது அவருடையதுதான். எனவே இரண்டு வழிகளை யோசிக்கலாம். பக்கத்து நிலையத்திலிருந்து உதவிக்கு வரும் வண்டியின் பொறுப்பாளர் இறங்கியதும் குழாயைத் தேடாமல் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று இரண்டு நிலையங்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது ஒன்று. ஆள் உள்ளே இல்லை என்பது உறுதியாகத் தெரிந்த தீயில், உதவி வண்டி வரும்வரை உள்ளே நுழையாமல் வெளியிலிருந்தே அணைப்பது மற்றொன்று. உள்ளே இருவர் போனால் வெளியே இருவர் அவர்களை மீட்கத் தயாராக நிற்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி 1998 முதல் சொல்கிறது. உயிர் காக்கும் அவசரத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை. இடுப்பு வலிக்காரர், அடுத்த மாதம் ஓய்வுபெறுபவர், வேறு வேலைக்கு ஆகாதவர் என்று பார்த்து இந்தப் பொறுப்பைக் கொடுக்கும் பழக்கம் சில துறைகளில் உண்டு. கட்டடம் கட்டும் முறையும் தீயின் போக்கும் தெரிந்த, நிலைய அலுவலரின் முகத்துக்கு நேரே 'வேண்டாம் சார்' என்று சொல்லத் துணிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வயதில் இளையவரானாலும் பாதகமில்லை.

கேள்வி: பொதுமக்களாகிய நாங்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: முடியும். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் பேக்கரிக் கடை ஒன்று எரிந்தபோது காஸ் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அருகே நின்றிருந்த பொதுமக்கள் பலரும் காயமடைந்தார்கள். கூட்டம் சுற்றி நின்றால், சுவருக்கும் சிலிண்டருக்கும் எல்லை போட வேண்டிய அலுவலர் உங்களை விலக்குவதிலேயே நேரத்தை இழக்கிறார். எனவே விலகி நில்லுங்கள். சந்தின் வாயில் நிறுத்திய வண்டியை எடுத்துவிடுங்கள். உள்ளே எத்தனை சிலிண்டர், மின் இணைப்பின் பிரதான சுவிட்ச் எங்கே, படிக்கட்டு எந்தப் பக்கம் என்பது தெரிந்தவர் ஒருவர் மட்டும் அலுவலரிடம் போய்ச் சொல்லுங்கள். எரியும் கட்டடத்திலிருந்து நீங்களே தப்பி வந்திருந்தால், 'நான் வெளியே வந்துவிட்டேன், என்னைத் தேட வேண்டாம்' என்று அவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். முந்தைய பதிலில் சொன்ன வூஸ்டர் கிடங்கில், வீரர்கள் தேடிக்கொண்டிருந்த அந்த இருவரும் வண்டி வருவதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள்.